நான் கிழித்த இரண்டு தாள்கள்

திவ்யா, நீ கேட்டது இரண்டு பக்கம். "அக்கா, நம்ம ஜெட்ல பேப்பரை நிறுத்திப் பத்து வருஷம் ஆகுது. விழா வைக்கறாங்க, மலர் போடறாங்க. உங்க இனிமையான நினைவுகளை எழுதிக் குடுங்கக்கா" என்று போனில் கேட்டாய். நானும் சரி என்றேன். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. முதல் பக்கத்தில் கேப்டன் வரதன் படம். அதற்குக் கீழே "காகிதமில்லா விமானப் பயணத்தின் முன்னோடி" என்று பொன்னெழுத்து. குத்துவிளக்கும் அவர்தான் ஏற்றுகிறாராம்.

முன்னோடியாம்! இனிமையான நினைவுதானே வேண்டும்? எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நான் பார்த்த வேலையைத்தான் இப்போது நீ பார்க்கிறாய், ஆனாலும் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். மலரைப் புரட்டுகிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

நான் ஆரம்பாக்கத்துக்காரி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். என் வீட்டுக்காரர் டேனியலுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு மில்லில் ஃபர்னஸ், அதாவது உலை வேலை. அந்த மில் முதலாளிக்கு இரண்டு சின்ன ஜெட் விமானம் உண்டு. இருப்பது மீனம்பாக்கத்தில். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, கை சுத்தமான ஆள் வேண்டும் என்று மில்லில் கேட்டார்கள், டேனியல் என் பெயரைச் சொன்னார். காலை ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து திரிசூலம். இருபத்திரண்டு வருடம் அப்படியே போய் வந்தேன்.

வேலை இதுதான். பைலட்டுகள் தூக்கிவரும் பெரிய கறுப்புப் பெட்டிக்கு ஃப்ளைட் பேக் என்று பெயர். அதற்குள் தடித்தடியான ஃபைல்கள். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் எந்தப் பக்கமாக வந்து இறங்குவது, எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாது, எங்கே மலை, எந்த அலைவரிசையில் பேசுவது, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றப் பக்கங்கள் தபாலில் வரும். பழைய பக்கத்தை உருவி, புதிய பக்கத்தைச் செருகி, முன்னால் உள்ள பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் ஒன்றுமில்லாத வேலை போலிருக்கும்.

சேர்ந்த புதிதில் புதிய பக்கத்தைச் செருகிவிட்டுப் பழையதை உருவ மறந்துவிட்டேன். ஒரே ஏர்போர்ட்டுக்கு இரண்டு பக்கம். கேப்டன் பழையதைப் பார்த்து அலைவரிசை வைத்துவிட்டு, யாரும் பதில் சொல்லவில்லையே என்று வானத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். வந்து இறங்கியதும் எனக்கு விழுந்த திட்டை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழைய பக்கத்தை உருவினால் கையோடு இரண்டாகக் கிழிப்பேன். மேஜையில் வைத்துவிட்டு அப்புறம் கிழிக்கலாம் என்பதே கிடையாது. புதியது வந்துவிட்டால் பழையது பொய், பொய்யைக் கிழி. என் கைக்கு அது மட்டும்தான் தெரியும். அது எனக்கு எப்படிப்பட்ட வினையாக வந்து முடிந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நான் காகிதத்துக்காக ஒப்பாரி வைக்கிற ஆள் இல்லை. அந்த ஃபைல்களைச் சுமந்து என் வலது தோள் போனது போனதுதான். மழைக்காலத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டேப்லெட் வரப்போகிறது, எலக்ட்ரானிக் ஃப்ளைட் பேக், எல்லாப் பக்கமும் அதற்குள்ளேயே தானாக மாறிக்கொள்ளும் என்று கேட்டபோது எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் நான். அந்தக் கருவி மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. சூடானால் அணைந்துபோகும், அது அதன் குணம். அணைந்ததை அணையவில்லை என்று எழுதியவன் மனுஷன்.

முதலாளி வெளிநாட்டில் ஒரு நண்பரின் விமானத்தில் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் வேண்டும் என்றார். வேண்டும் என்றால் உடனே மாற்றிவிட முடியாது. விமானத்துறை விதிப்படி ஆறு மாதம் காகிதமும் டேப்லெட்டும் சேர்ந்தே பறக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு படிவம். கிளம்பும்போது சார்ஜ் எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு, இரண்டு டேப்லெட்டிலும் பக்கம் ஒன்றாக இருந்ததா, வெயிலில் எழுத்து தெரிந்ததா. அதில் ஒரு கட்டம்: கருவி சூடாகி நின்றதா? ஆம், இல்லை. கோ-பைலட் நிரப்புவார், கேப்டன் கையெழுத்திடுவார், கடைசியில் ஆவணப் பிரிவு என்று நான் கையெழுத்திட வேண்டும். "ஆம்" என்று ஒன்று வந்தாலும் காரணம் கண்டுபிடித்து, வழி செய்து, மறுபடி சோதித்த பிறகுதான் காகிதத்தை விமானத்திலிருந்து இறக்கலாம்.

கோ-பைலட் ஹேமலதா. பள்ளிப்பட்டில் துணிக்கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பைலட்டாக வருவது என்றால் சும்மாவா? ஆனால் அந்தக் கர்வம் துளியும் கிடையாது. என் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற உரிமை எடுத்துக்கொள்வாள். படிவத்தைக் கொண்டுவந்து என் கையிலேயே தருவாள். ஏப்ரல் மாதம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, அது செத்துப் போச்சுக்கா! வெயில்ல மூணு மணி நேரம் நின்னுது ஃப்ளைட்டு. ஸ்க்ரீன்ல ஒரு தெர்மாமீட்டர் படம் வந்துது, அவ்வளவுதான், ஆளு அவுட்டு. நான் டீ குடிச்சி முடிக்கற வரைக்கும் எழுந்திருக்கல."

"எழுதிட்டியா?"

"எழுதாம? பாருங்க."

பார்த்தேன். "ஆம்" என்ற கட்டத்தில் டிக். கீழே குண்டு குண்டான அவள் கையெழுத்தில், எத்தனை மணிக்கு அணைந்தது, எப்போது வந்தது என்ற விவரம். பத்து நாள் கழித்து இன்னொன்று, அதுவும் "ஆம்". இரண்டு பயணத்திலும் கேப்டன் வரதன்தான், ஆனால் இரண்டிலும் அவர் கையெழுத்து இல்லை. நான் எண் போட்டு ஃபைலில் வைத்தேன்.

இப்போது உங்கள் முன்னோடியைப் பற்றிச் சொல்கிறேன். தலைமை பைலட் வரதன் கத்தமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. தாளை உன் பக்கமாகத் திருப்பி வைப்பார். பேனாவின் மூடியைத் தானே கழற்றி, எங்கே கையெழுத்திட வேண்டுமோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைப்பார். "சின்ன விஷயம்மா" என்பார். அவ்வளவு மரியாதையாக ஒருவர் நின்றால் படித்துப் பார்க்கவே நமக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் அந்த ஆள் காலம் தள்ளினார்.

ஆறு மாதம் முடியப்போகிற வாரம் ஃபைலை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் கொண்டுவந்தார். மேலே அந்த இரண்டு பயணத்துக்கும் புதிதாக இரண்டு படிவம். அவர் கையாலேயே நிரப்பி, அவர் கையெழுத்தோடு. சூடான கட்டத்தில் "இல்லை".

"சார், இது ஹேமா வேற மாதிரி எழுதிருந்துச்சே?"

"அந்தப் பொண்ணு புதுசும்மா. ஸ்க்ரீன் டிம் ஆனதைப் போய் அணைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கா. நான் கரெக்ட் பண்ணிட்டேன். இது ரிவைஸ்டு காப்பி. பழசை எடுத்துடு. சின்ன விஷயம்மா."

பேனாவின் மூடி கழன்றது. நான் கையெழுத்திட்டேன். ஃபைலிலிருந்து ஹேமாவின் இரண்டு தாள்களையும் உருவினேன். உருவின கையோடு இரண்டாகக் கிழித்தேன்.

அவர் கிழிக்கச் சொல்லவில்லை, திவ்யா. "எடுத்துடு" என்றுதான் சொன்னார். கிழித்தது நான். புதியது வந்துவிட்டது, பழையது பொய், கிழி. என் கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது. எது பொய், எது நிஜம் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. குப்பைக்கூடையில் போட்டபோது கேப்டன் வரதன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "குட்" என்றார். 

அனுமதி வந்தது. காகிதத்தை இறக்கினோம். கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன்.

அடுத்த மே மாதம். வரதன் கேப்டன், ஹேமா கோ-பைலட். ராயலசீமைப் பக்கம் ஒரு சின்ன ஏர்போர்ட்டில் முதலாளிக்காக விமானம் நின்றது. மதியம் முழுக்க வெயில். விமானம் நிற்கும்போது ஏ.சி. ஓட வேண்டுமென்றால் பின்னால் உள்ள சின்ன இன்ஜினைப் போட வேண்டும். எரிபொருள் வீண், போடாதே என்பது வரதன் உத்தரவு. முதலாளி சொன்ன நேரத்துக்கு வரவில்லை, பிறகு திடீரென்று வந்து "உடனே கெளம்பு" என்றார். கிளம்பிவிட்டார்கள். கிளம்பும்போது இரண்டு டேப்லெட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மேலே போன கொஞ்ச நேரத்தில் ஒன்று அணைந்தது. அதன் பின்னாலேயே மற்றொன்றும்.

சென்னையில் இடி மழை, இறங்க முடியாது, வேறு ஏர்போர்ட்டுக்குப் போ என்றார்கள். அந்த ஏர்போர்ட்டில் இருவருமே இறங்கியதில்லை. விமானத்தின் கம்ப்யூட்டரில் வழி இருக்கும். ஆனால் எந்த உயரத்தில் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும், எந்தப் பக்கம் மலை, அதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கம் டேப்லெட்டில். டேப்லெட்டில் தெர்மாமீட்டர் படம். காகிதம் மீனம்பாக்கத்தில் என் அலமாரியில்.

ஹேமாதான் ரேடியோவில் கண்ட்ரோலிடம் கேட்டாள். எங்களிடம் அந்த ஏர்போர்ட்டின் சார்ட் பக்கம் இல்லை, தயவுசெய்து வாசியுங்கள் என்று. அவர்கள் வாசிக்க வாசிக்க, முதலாளிக்கு வைத்திருந்த மெனு அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள். அதை வைத்துத்தான் மழை மேகத்துக்குள்ளே இறங்கினார்கள். முதலாளியும் அவரோடு வந்தவர்களும் பைலட்டுகளுமாக ஆறு உயிர். அந்த அட்டையை அவள் என்னிடம் காட்டியபோது எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. 

சார்ட் இல்லை என்று ரேடியோவில் சொன்னது பதிவாகிவிடுமே! கம்பெனிக்குள் விசாரணை வந்தது. வரதன் என்ன சொன்னார் தெரியுமா? டேப்லெட்டுகள் கோ-பைலட்டின் பொறுப்பு, கழற்றி நிழலில் வைக்காமல் வெயிலில் விட்டுவிட்டாள், ஆறு மாத சோதனையில் ஒரு முறைகூடச் சூடானதில்லை, இதோ படிவங்கள், பாருங்கள் என்றார். படிவம் ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து.

விசாரணைக்கு முந்தைய நாள் என் மேஜைக்கு வந்து நின்றார். "வீட்டுக்காரர் இன்னும் ஃபர்னஸ்லதானேம்மா? ஹெல்த் எல்லாம் நல்லா இருக்காரா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. 

வீட்டுக்குப் போனேன். டேனியல் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தார்.

"இன்னா, மூஞ்சி இப்டித் தொங்கிப் போய்க்கீது?"

எல்லாவற்றையும் சொன்னேன். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"சொல்லிட வேண்டியதுதான? இதுக்குப் போய் பேஜாராயிக்கினு உக்காந்துக்கினுகீற?"

"உங்க வேல போயிடும்யா."

"போனா போவுது. சிப்காட்ல இவன் ஒருத்தன்தான் மில்லு வெச்சிக்கினுகீறானா? அந்தப் பொண்ணு நம்ம ஊட்ல வந்து கொழம்பு ஊத்தித் துன்னுச்சே, அத நெனைச்சிப் பாரு."

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், புருஷனுக்காகப் பயந்தேன் என்று யாரும் எனக்குச் சாக்கு சொல்லிவிடக் கூடாது. அந்தச் சாக்கையும் அவர் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார். பயம் என்னுடையது மட்டும்தான்.

மறுநாள் மீட்டிங் அறை. நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹேமா எழுந்து நின்று சொன்னாள்.

"சோதனைல ரெண்டு தடவை சூடாகி நின்னுச்சு சார். ரெண்டு தடவையும் நான் எழுதிக் குடுத்தேன். சௌந்தரி அக்கா கைலதான் குடுத்தேன். அவங்களையே கேளுங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வரதன் மட்டும் திரும்பவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாதிரி படிவம் ஏதாவது உங்ககிட்ட வந்துச்சாம்மா?"

"இல்ல சார். வரல."

நாக்கு கூசாமல் சொன்னேன். ஹேமா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவளை அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது மட்டுமல்ல, "கவனக்குறைவு, அதை மறைக்கப் பொய் சொன்னார்" என்று அவள் கோப்பில் எழுதினார்கள். எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாலும் பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள், அந்த வரி போய் நிற்கும். கவனக்குறைவைக்கூட மன்னிப்பார்கள். பொய் சொல்கிற பைலட்டை யார் எடுப்பார்கள்? ஆறு பேரை உயிரோடு இறக்கியவள் இன்றைக்கு ஒரு கூரியர் கம்பெனி அலுவலகத்தில் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் குத்துவிளக்கு ஏற்றப் போகிறார்!

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவளை அனுப்பிய இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பள்ளிப்பட்டிலிருந்து மூன்று பஸ் மாறி, ரயிலும் ஏறி வந்திருக்கிறார். ஹேமாவின் அப்பா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன்னப் பத்தி எம் பொண்ணு நெறைய சொல்லும்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு, நான் போய்டறேன். எம் பொண்ணு பொய் சொல்லுதா?"

உள்ளே டேனியல் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு டேனியல் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போதுமா இனிமை?

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கப் போவதில்லை. மன்னிப்பால் அவள் கோப்பில் உள்ள அந்த வரி அழியாது. என்ன நடந்தது என்று ஆதியோடந்தமாக எழுதி, படிவங்களைக் கிழித்தது நான், பொய் சொன்னது நான், மாற்றி எழுதியது வரதன் என்று பெயர் போட்டு, கம்பெனிக்கு ஒன்றும் விமானத்துறைக்கு ஒன்றும் போன திங்கட்கிழமை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். என்னைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும். கேஸ் போட்டால் போடட்டும், வருகிறேன். மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீயாவது முழுசாகப் படி. உன் மேஜைக்கும் யாராவது பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். இப்போது பேனாகூட வேண்டாம், திரையில் ஒரு விரல் வைத்தால் போதுமாமே! வைப்பதற்கு முன் படித்துத் தொலை.

தபால் அனுப்பியதும் ஹேமாவுக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அப்பா வீட்டில், பள்ளிப்பட்டில்தான் இருந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் குறுக்கே வெட்டினாள்.

"கதையெல்லாம் வேணாங்க. அன்னைக்குக் கேட்டாங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க. நான் எழுதிக் குடுத்தது உங்க கைக்கு வந்துச்சா, இல்லையா?"

அக்கா என்று அவள் சொல்லவில்லை.

"வந்துச்சு. ரெண்டும் வந்துச்சு. நான்தான் கிழிச்சேன்."

 பிறகு, "இருங்க, அப்பாகிட்ட குடுக்கறேன். அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். யாரும்மா, யாரு என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. போன் கை மாறியது.

"ஐயா, நான் ஆரம்பாக்கம் சௌந்தரி. உங்க பொண்ணு பொய் சொல்லலைங்கய்யா. நான்தான் சொன்னேன்."

"தெரியும்மா" என்றார். "எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? அது அன்னிக்கே தெரியும். நீ சொல்லுவியான்னு பாக்கத்தான் அம்மாந்தூரம் வந்தேன்."

 அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.